99 டாலருக்கு வாங்கிய எச்டி டிவிடி பிளேயர்: தோஷிபா எச்டி-ஏ2, இன்றைக்கு வாங்கலாமா?

போன வாரம் அலுவலகத்துத் தம்பி ஒருவன் பழைய சாமான் கடையில் நின்றுகொண்டு ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பெட்டி, முகப்பில் எச்டி டிவிடி முத்திரை, மேலே 15 டாலர் ஸ்டிக்கர். "அண்ணா, இது புளூ-ரே மாதிரிதானே, வாங்கவா?" என்று கேட்டிருந்தான். தோஷிபா எச்டி-ஏ2. அதே பிளேயர் 2007 நவம்பரிலிருந்து நியூஜெர்சியில் என் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கிறது, இன்றைக்கும் ஓடுகிறது. அவனுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் இந்த பிளேயரைப் பற்றியும் அதை வாங்கவைத்த தள்ளுபடிகளைப் பற்றியும் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அவன் கேள்விக்கு வருகிறேன். எச்டி டிவிடியும் புளூ-ரேயும் டிவிடிக்கு அடுத்து உயர்தெளிவுப் படத்துக்காக வந்த இரண்டு போட்டி டிஸ்க் வகைகள், முதலாவது தோஷிபா அணி, இரண்டாவது சோனி அணி. புளூ-ரே டிஸ்க் இதில் ஓடாது. எச்டி டிவிடி டிஸ்க் சாதாரணப் புளூ-ரே பிளேயரில் ஓடாது. இரண்டிலும் டிவிடி ஓடும். படிக்கிற லேசர் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான், 405 நானோமீட்டர் நீல-ஊதா. டிவிடியில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு. அலைநீளம் குறையக் குறையப் பதிவை நெருக்கி எழுதலாம் என்பதால் டிவிடியில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபி என்றால் எச்டி டிவிடியில் 15, புளூ-ரேயில் 25. லேசர் ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்றால், புளூ-ரேயில் பதிவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது, லேசரை இன்னும் சின்னப் புள்ளியாகக் குவிக்க முடிகிறது. எச்டி டிவிடியில் அந்த ஆழம் டிவிடி போலவே 0.6 மில்லிமீட்டர். கொள்ளளவில் அது நஷ்டம், ஆனால் செலவில் பெரிய லாபம்: டிவிடி அச்சடித்துக்கொண்டிருந்த தொழிற்சாலைகள் இருக்கிற இயந்திரத்தையே கொஞ்சம் மாற்றினால் போதும். புளூ-ரேக்குப் புது இயந்திரம் வேண்டும், மேற்பரப்புக்கு இவ்வளவு பக்கத்தில் பதிவு இருப்பதால் கீறல் படாமல் காக்கக் கெட்டியான பூச்சும் வேண்டும். எச்டி டிவிடிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே விலையை வைத்து மோதியதற்கு வேர் இந்த 0.6 தான்.

2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து சாம்சங் விட்ட முதல் புளூ-ரே பிளேயரின் விலை 999. சரிபாதி. ஆனால் அந்த 499 அசல் விலை அல்ல. முதல் தலைமுறை எச்டி டிவிடி பிளேயருக்குள் இருந்தது பென்டியம் 4 வைத்த ஒரு முழுக் கணினி, ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்து பாகங்களுக்கு மட்டுமே 670 டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குச் சொன்னது. அந்தப் பக்கம் சோனியும் அப்படித்தான்: புளூ-ரேயும் ஓட்டும் அவர்களுடைய விளையாட்டுக் கருவி பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3), 2006 நவம்பரில் வந்த 60 ஜிபி மாடலின் விலை 599, அதே ஐசப்ளை போட்ட கணக்கில் உள்ளே இருந்த சாமான் 840 டாலர். இரண்டு பேருமே கைக்காசைப் போட்டுத்தான் விற்றார்கள். இந்த விஷயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை, விலைச்சீட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த வாரக்கடைசி. 2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. வால்மார்ட் எச்டி-ஏ2வை 98 டாலர் 87 சென்ட்டுக்கு இறக்கியது. மின்னணுச் சாமான் கடைகளான பெஸ்ட் பையும் சர்க்யூட் சிட்டியும் உடனே 99.99 என்று போட்டுவிட்டார்கள். அந்த வாரக்கடைசியில் மட்டும் 90,000 பிளேயர் விற்றதாகப் பிறகு செய்தி வந்தது. நான் பெஸ்ட் பையில் வாங்கினேன். வரியோடு 106.99. அடுக்கிவைத்திருந்த பெட்டிகள் நான் பில் போட வரிசையில் நின்ற நேரத்துக்குள் கண்ணெதிரே கரைந்தன, எனக்கு முன்னால் நின்றவர் கையில் மூன்று வைத்திருந்தார்.

அதே வெள்ளிக்கிழமைதான் சோனி 40 ஜிபி பிஎஸ்3யை 399 டாலருக்கு இறக்கியது. என் எதிர் பிளாட்டில் இருந்த திருச்சிக்கார அண்ணன் அதை வாங்கிக்கொண்டு வந்தார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல விலைதான் தம்பி. ஆனா பிளேயர் ஒரு தடவை வாங்குவே, படம் மாசாமாசம் வாங்குவே. எந்தப் படம் எதுல வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்த்திருந்தேன். பட ஸ்டுடியோக்களில் யுனிவர்சல் எச்டி டிவிடியில் மட்டும், அந்த ஆகஸ்டில் பாராமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் புளூ-ரேயை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள், வார்னர் இரண்டிலும். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் அந்தப் பக்கம். பாதிக்குப் பாதி என்றுதான் நினைத்தேன். வார்னர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது.

பெட்டியோடு இன்னொரு சலுகை: தபாலில் ஐந்து எச்டி டிவிடி இலவசம். அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களுக்கு மெயில்-இன் ரிபேட் (வாங்கியதற்கு அத்தாட்சியைத் தபாலில் அனுப்பிப் பெறும் சலுகை) என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சமையலறை மேஜையில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பார்கோடு இருந்த அட்டையை பிளேடால் சதுரமாக வெட்டினேன். அட்டை இரண்டு அடுக்கு, மேல் அடுக்கு மட்டும் உரிந்து வந்துவிட்டால் செல்லாதோ என்ற பயத்தில் ஆழமாக அழுத்தியதில் மேஜை விரிப்பிலும் ஒரு கோடு விழுந்துவிட்டது, மனைவி இன்றைக்கும் அதைக் காட்டுவாள். ரசீது நகல், படிவம், பார்கோடு, எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு உறையில் போட்டு அனுப்பினேன். பட்டியலில் இருந்து நான் தேர்ந்தெடுத்த ஐந்து டிஸ்க்கும் சொன்னபடி வந்துசேர்ந்தன. அப்போது ஒரு எச்டி டிவிடியின் அட்டை விலை 30 டாலர் சுற்றி. அதாவது 100 டாலருக்குப் பிளேயர் வாங்கினால் 150 டாலர் மதிப்புள்ள படம் கையில்.

இந்த ஐந்து டிஸ்க் சலுகையை அதே வருடம் புளூ-ரே பக்கமும் கொடுத்தார்கள். அமேசானில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு அணிக்கும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் யாரும் முழு விலை கொடுத்து டிஸ்க் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், நான் வாங்கவில்லை. முழு விலை கேட்டது ஒரே ஒரு வகைதான், ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறு பக்கம் டிவிடி என்று இரட்டை முகத்தோடு வந்த காம்போ டிஸ்க். அதற்கு 40 டாலர் அட்டை விலை வைத்தார்கள். காருக்குள் டிவிடி பக்கம், ஹாலில் எச்டி பக்கம் என்று பயன்படுத்தலாம் என்பது யோசனை. ஆனால் இரண்டு பக்கமும் படிக்கிற பக்கமாக இருப்பதால் படம் அச்சடிக்க இடமில்லை, நடுவில் பொடி எழுத்து மட்டும் இருக்கும், எங்கே பிடித்தாலும் விரல் ரேகை. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு உதவாத பொருள். என்னிடம் இருந்த இரண்டில் ஒன்று முக்கால் படத்தில் நின்றுவிடும், துடைத்துப் போட்டாலும் அதே இடம்தான்.

இப்போது படம் எப்படி இருந்தது என்பது. பிபிசி எடுத்த ஓர் இயற்கை ஆவணத் தொடர் அந்த வருடம் இரண்டு வடிவிலும் வந்திருந்தது, அதனால் ஒப்பிட வசதியாகப் போயிற்று. அண்ணன் புளூ-ரே பதிப்பு வைத்திருந்தார், என்னிடம் எச்டி டிவிடி. நன்றிநாள் விடுமுறையில் அவர் பிஎஸ்3யைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார், மறுநாள் நான் எச்டி-ஏ2வைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என் டிவி 42 அங்குல பிளாஸ்மா, 1024 பெருக்கல் 768, அந்தக் காலத்து 42 அங்குல பிளாஸ்மாக்களில் பரவலாக இருந்த அளவு. அதில் இரண்டுக்கும் வித்தியாசம் சுத்தமாக இல்லை. பனிக்கரடியின் ரோமம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி டீ குடிக்க வந்தவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் நின்று பார்த்தார். அண்ணனிடம் இருந்தது முழு 1080பி எல்சிடி. எச்டி-ஏ2 '1080ஐ' (ஒவ்வொரு பிரேமையும் பாதிப்பாதியாக அனுப்புவது) வரைதான் கொடுக்கும், '1080பி' (முழு பிரேமாக அனுப்புவது) கிடையாது, அதுதான் விலை குறைந்ததற்கு ஒரு காரணம் என்று எல்லோரும் சொன்ன குறை. ஆனால் டிஸ்க்கில் படம் 24 பிரேமாக முழுசாகத்தான் பதிந்திருக்கிறது, பிளேயர் அதைப் பாதிப்பாதியாக அனுப்பினாலும் டிவி ஒழுங்காகச் சேர்த்துவிட்டால் ஒன்றும் குறையாது. அவருடைய டிவி சேர்த்துவிட்டது. மெதுவான காட்சிகளில் எங்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. கேமரா வேகமாக நகரும்போது மட்டும் புல்நுனிகளில் ஒரு சின்ன மினுக்கல், அதையும் தேடிப்பார்த்தால்தான் தெரியும்.

சத்தத்தில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் பெட்டி) பழசு, எச்டிஎம்ஐ கிடையாது, ஆப்டிகல் வயர் மட்டும். எச்டி டிவிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஎச்டி என்ற உயர்தர ஒலி வகைகள் இரண்டும் அந்த வயரில் அப்படியே போகாது. இந்தப் பிளேயர் அதை உள்ளேயே பிரித்து, டிடிஎஸ் என்ற பழைய ஒலி வகையாக முழு வேகத்தில் மாற்றி அனுப்பிவிடும். டிஸ்க் உறையில் டால்பி என்று போட்டிருக்க ரிசீவர் முகப்பில் டிடிஎஸ் விளக்கு எரியும். முதலில் குழம்பினேன், அப்புறம் காரணம் தெரிந்ததும் அந்த விலையில் இப்படி யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. பழைய ரிசீவரை மாற்றாமலே மழைச் சத்தம் ஹாலைச் சுற்றி விழுந்தது.

இன்னொன்று, எல்லா எச்டி டிவிடி பிளேயரிலும் முதல் நாளிலிருந்தே ஈதர்நெட் இணைப்பும், படத்துக்குள் இன்னொரு சின்னப் படம் காட்டும் வசதியும் கட்டாயம். புளூ-ரேயில் ஆரம்பத்தில் இது கிடையாது, புதிதாக வரும் பிளேயர்களுக்குச் சின்னப்பட வசதி கட்டாயம் என்று ஆனதே 2007 நவம்பரில்தான். அதனால் அதற்கு முன் 500, 600 என்று கொடுத்துப் புளூ-ரே பிளேயர் வாங்கியவர்களுக்குத்தான் உண்மையில் ஏமாற்றம். பிஎஸ்3 விதிவிலக்கு, அதை இணையம் வழியாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். பிறகு முப்பரிமாணப் படம்கூட அதில் ஓடியது. எச்டி டிவிடியில் மண்டலப் பூட்டும் (ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாதபடி தடுப்பது) கிடையாது. இங்கே புளூ-ரேயில் மட்டும் வந்த சில படங்கள் ஐரோப்பாவில் எச்டி டிவிடியாக வெளிவந்தன, வரவழைத்துப் பார்க்கலாம்.

தமிழ்ப் படம்? அதை டிவிடியில்தான் பார்த்தோம், எச்டி-ஏ2 எனக்குக் கடைசிவரை உதவியதும் அங்கேதான். எச்டிஎம்ஐ வழியாகச் சாதாரண டிவிடியை 1080ஐக்கு உயர்த்திக் காட்டும், நன்றாகவே காட்டும். இங்கே நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் வாங்கிய பழைய பாடல் டிவிடியில் எழுத்துகளின் ஓரம் பிசிறில்லாமல் தெரிந்தது. பல தமிழ் டிவிடிகளில் அகலப்படத்தைச் சதுரத்துக்குள் அடைத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டிருப்பார்கள், அதற்கு டிவியில் ஜூம் அழுத்தித்தான் ஆக வேண்டும், அப்போது எந்தப் பிளேயராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஊரிலிருந்து வரும் பிஏஎல் (இந்திய டிவி முறை) வகை டிஸ்க்குகளை அமெரிக்காவில் விற்ற பிளேயர்கள் பலவும் ஏற்பதில்லை, இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால், மெதுவாகத்தான் தொடங்கும். பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இதெல்லாம் முதல் இரண்டு தலைமுறைப் பிளேயர்களுக்கும் பொதுவான விஷயம். பாட்டு ஒன்று போட்டுக் கேட்க ஆசைப்படும் அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனிமேல் புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. லாஸ் வேகஸ் மின்னணுச் சாமான் கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். எச்டி டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் சந்திப்பையே ரத்து செய்துவிட்டார்கள். தோஷிபா என்ன செய்தது? மறுபடியும் விலையைக் குறைத்தது. புது மாடல் எச்டி-ஏ3 150 டாலர், 1080பி தரும் எச்டி-ஏ30 200. கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு அட்டைகளைப் பார்த்து மனசு கனத்தது. பிப்ரவரியில் (அப்போது டிஸ்க்கைத் தபாலில் வாடகைக்கு விட்ட) நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று ஒவ்வொருவராக விலகினார்கள். பிப்ரவரி 19 அன்று தோஷிபா நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. நான் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அண்ணன் சொன்னதன் முழு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சோனி பிஎஸ்3யில் விட்ட காசை விளையாட்டு டிஸ்க் விற்று எடுத்துக்கொள்ளலாம். தோஷிபாவுக்கு அப்படி எடுக்க வழியில்லை. அதைவிட முக்கியம், தோஷிபாவே 99 டாலருக்கு விற்றால் வேறு எந்தக் கம்பெனி எச்டி டிவிடி பிளேயர் செய்ய வரும்? புளூ-ரே பக்கம் பானசோனிக், சாம்சங், பயனியர், பிலிப்ஸ், ஷார்ப் என்று கடை அலமாரி நிறைய இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் தோஷிபா, தோஷிபா, ஓரத்தில் ஒன்றிரண்டு பேர். வாங்குகிற எனக்கு இனித்த அதே விலைதான் கூட்டாளிகளை வாசலிலேயே நிறுத்திவைத்தது. அந்த நவம்பரில் அலமாரியைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

என்றாலும் காசு வீணானது என்று சொல்ல மாட்டேன். பெஸ்ட் பை தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கிய எல்லோருக்கும் 50 டாலர் பரிசு அட்டை தந்தது, எனக்கும் வந்தது. ஆக 106.99இல் 50 போக 56.99. அதற்கு ஒரு நல்ல டிவிடி பிளேயர், ஐந்து படம். கடைகள் எச்டி டிவிடியைக் காலி செய்தபோது இன்னும் இருபது டிஸ்க்குகள் அள்ளினேன், ஐந்து டாலருக்கு மேல் எதற்கும் கொடுக்கவில்லை. 2009இல் வார்னர் ஒரு திட்டம் கொண்டுவந்தது: எச்டி டிவிடியின் மேலட்டைத் தாளை அனுப்பினால் அதே படத்தின் புளூ-ரே 4.95 டாலருக்கு, தபால் செலவு தனி. எட்டுப் படம் மாற்றினேன். டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பதால் அட்டையில்லாத சிவப்பு உறைகள் எட்டு இன்னும் அலமாரியில் இருக்கின்றன. போட்டி நடந்தபோது கொடுத்த சலுகைகளைவிடத் தோற்றவர்களிடம் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளருக்காகப் பிறகு கொடுத்த இந்த இரண்டும்தான் எனக்கு மனசில் நிற்கின்றன.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். பிளேயர் உழைக்கும், டிஸ்க் உழைக்காது. என்னிடம் உள்ள டிஸ்க்குகளில் ஒரே ஸ்டுடியோ வெளியிட்ட நான்கு, ஒரு கீறல்கூட இல்லாமல், படிக்காமல் போய்விட்டன. உறையிலிருந்து எடுக்காமலே உள்ளுக்குள் கெட்டுவிடுகிறது, சேகரிப்பவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதே வயதுள்ள என் புளூ-ரே டிஸ்க்குகளில் இதுவரை ஒன்றும் போகவில்லை. எனவே எச்டி டிவிடி கட்டாகப் பெட்டியோடு 50, 60 டாலர் என்று யாராவது விற்றால், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் கடைசி அத்தியாயம் வரை ஓட்டிப் பார்க்க அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள். கெடுவது பெரும்பாலும் படத்தின் பின்பாதியில்தான் முதலில் தெரிகிறது.

பிளேயரை மட்டும் வாங்குவதாக இருந்தால், கையோடு ஒரு டிவிடியும் எச்டிஎம்ஐ வயரும் கொண்டுபோங்கள். ஓடுகிறது என்று ஒட்டிவைத்த ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். உதிரிக்காக நான் வாங்கிய இரண்டாவது பெட்டியில் சோதித்தாயிற்று என்று எழுதியிருந்தது, வீட்டில் செருகினால் தட்டு வெளியே வரவே இல்லை, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். ரிமோட் இருக்கிறதா என்று பாருங்கள், ரிமோட் இல்லாமல் அமைப்புகளுக்குள் போய் 1080ஐ என்று மாற்றுவது பெரிய பாடு.

தம்பிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "ரிமோட் இருந்தா, தட்டு வெளிய வந்தா, பத்து டாலருக்குக் கேளு. டிவிடி பாக்க அருமையா இருக்கும். இல்லேன்னா அதே கடையில பழைய பிஎஸ்3 கிடக்கும், அதைத் தேடு." அவன் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை கொண்டுவருகிறான், என்னிடம் இரண்டிரண்டாக இருக்கும் மூன்று டிஸ்க்குகளை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.